தோலுக்கு எதைப் பூசுவது? ஒவ்வாமை தராத பொருட்களைத் தெரிவுசெய்யும் வழிகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் ஈச்சிலம்பற்றுப் பகுதியில் தோல் வரட்சியும் கடியும் தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன. வயல் வேலை செய்வோரின் குதிக்கால் வெடிக்கிறது. உவர் நீரில் குளிக்கும் பிள்ளைகளின் கைகால்கள் சொரசொரப்படைகின்றன. இவற்றுக்கு எதைப் பூசலாம் என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதும், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் பூசுவதும் வழக்கமாகிவிட்டது.

முன்னர் மூதூர் வழியாகத் திருகோணமலைக்குப் போவதென்றால் ஆறுகளைப் 'பாதை'களில் ஏறிக் கடக்கவேண்டியிருந்தது. அக்காலத்தில் எமது கிராமக் கடைகளில் இரண்டு மூன்று வகைச் சவர்க்காரங்களும் ஒரு பவுடர் ரின்னுமே இருந்தன. கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வெருகலிலும் பாலம் அமைந்துவிட்டது. வீதி திறந்தபோது பொருட்களும் வந்தன. இன்று பூநகர், மாவடிச்சேனை, வாழைத்தோட்டம், இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற கிராமங்களிலும் முகப்பூச்சு, வெள்ளையாக்கும் களிம்பு, தலைச்சாயம், வாசனைத் திரவியம் எனப் பலவும் கிடைக்கின்றன. மத்திய கிழக்கில் வேலை செய்யும் சகோதரிகள் அனுப்பும் பொதிகளிலும் இவை வருகின்றன. வெருகல் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் தெருவோரக் கடைகளிலும் விற்கப்படுகின்றன.

பொருள் பெருகிய அளவுக்கு அவற்றைப் பற்றிய அறிவு பெருகவில்லை. ஒரு களிம்பு ஒத்துவராமல் முகம் வீங்கினால், திருகோணமலைக்குச் சென்று தோல் வைத்தியரைக் காண்பதற்கு ஒரு நாட் கூலியும் பஸ் செலவும் போய்விடும். ஆகவே வாங்குவதற்கு முன்னரே சிந்திப்பது அவசியம். எப்படித் தெரிவுசெய்வது என்பதை இக்கட்டுரையில் எளிமையாக விளக்க முற்படுகிறோம்.

எரிவும் ஒவ்வாமையும் வேறு

ஒரு பொருளைப் பூசியபின் தோலில் ஏற்படும் தொல்லைகள் இரண்டு வகைப்படும். முதலாவது எரிவு. காரம் கூடிய சவர்க்காரத்தினால் நாள் முழுவதும் உடுப்புத் துவைத்தால் யாருடைய கையும் சிவந்து எரியும். ஆரோக்கியமான தோல் சற்று அமிலத் தன்மை உடையது. அதன் பீ.எச். அளவு ஏறக்குறைய 5. சாதாரண சவர்க்காரத்தின் அளவோ 9 முதல் 10 வரை. ஆகவே அளவுக்கு மிஞ்சிய சவர்க்காரம் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுத்துவிடுகிறது. பாவிப்பைக் குறைத்தால் இந்த எரிவும் குறையும்.

இரண்டாவது ஒவ்வாமை. இது எல்லோருக்கும் வருவதில்லை. உடலின் பாதுகாப்புப் படை ஒரு குறிப்பிட்ட பொருளைத் தவறுதலாக எதிரியென்று பதிந்துவைத்துக் கொள்வதே இதற்குக் காரணம். பதிவதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமைகள் ஆகலாம். சில வேளைகளில் வருடக்கணக்கில் பாவித்த பின்னரும் பதியும். அதன் பின்னர் அப்பொருள் சிறிதளவு பட்டாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் கடி, சிவப்பு, நீர்க்கொப்புளம் என்பன தோன்றும். பதிந்தது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம். 'பத்து வருடமாக இதைத்தான் பூசுகிறேன், இதனால் வந்திருக்காது' என்று கூறுவது சரியல்ல. 'நேற்றுப் பூசினேன், ஒன்றும் செய்யவில்லை' என்று கூறுவதும் போதாது.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906ஆம் ஆண்டில் ஒஸ்ரியாவைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பேர்க்கே உருவாக்கினார். அதற்கு முன்னரே, 1895இல், ஜேர்மன் வைத்தியர் யோசப் யாடசோன் சந்தேகப் பொருளைத் தோலின்மேல் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை முறையை வெளியிட்டார். அவர் சோதித்த பொருள் பாதரசம். அதே பாதரசம் இன்றும் சில முகக்களிம்புகளில் எமது வீடுகளுக்குள் வருவதைப் பின்னர் பார்ப்போம்.

மேலுறையில் உள்ள சொற்களை நம்பலாமா?

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல் பல போத்தல்களில் பெரிய எழுத்தில் காணப்படுகிறது. ஒவ்வாமை ஏற்படுத்தும் வாய்ப்புக் குறைந்தது என்பது அதன் கருத்து. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், சோதித்து நிரூபித்த பின்னரே இச்சொல்லைப் பாவிக்கலாம் என 1975ஆம் ஆண்டில் விதியொன்றைக் கொண்டுவந்தது. ஆல்மே, கிளினிக் ஆகிய அழகுசாதன நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1977இல் அவ்விதியைச் செல்லுபடியற்றதாக்கியது. அதன் பின்னர் அங்கு இச்சொல்லுக்குச் சட்டரீதியான வரைவிலக்கணம் இல்லை. எந்த நிறுவனமும் தான் விரும்பியபடி அதை அச்சிடலாம்.

'தோல் வைத்தியர்களால் பரிசோதிக்கப்பட்டது' என்ற வாசகமும் இத்தகையதே. எத்தனை பேரில், எவ்வாறு பரிசோதித்தார்கள், பெறுபேறு என்ன என்பவற்றை அது கூறுவதில்லை.

'பராபென் அற்றது' என்பது இன்னொன்று. பராபென் என்பது களிம்பு பழுதடையாமற் காக்கும் பொருள். அதைப் பற்றிய அச்சம் பரவியபோது பல உற்பத்தியாளர்கள் அதை நீக்கிவிட்டு மெதைல்ஐசோதையசோலினோன் என்ற வேறொரு காப்புப் பொருளைச் சேர்த்தார்கள். விளைவாக ஐரோப்பாவில் பெருந்தொகையானோருக்குத் தோல் ஒவ்வாமை ஏற்பட்டது. பூசியபின் கழுவாமல் விடும் பொருட்களில் அதனைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டு முதல் தடைசெய்தது. பராபென்களோ ஒவ்வாமையை மிக அரிதாகவே ஏற்படுத்துபவை என்று அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2019ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது.

ஆகவே முன்பக்கத்தில் உள்ள பெரிய எழுத்தை விட்டுப் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் பார்க்கவேண்டும். அங்கேதான் சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியல் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருந்தால், பாடசாலையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்துக் கொள்ளலாம். பட்டியலே இல்லாத பொருளை வாங்காமல் விடுவதே நல்லது.

அதிகம் தொல்லை தருபவை

வாசனைப் பொருட்கள்: அழகுசாதனங்களினால் வரும் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று வாசனை. பட்டியலில் 'பர்பியூம்', 'பிரேகிரன்ஸ்', 'அரோமா' என்ற ஒரே சொல்லுக்குள் பல பத்து இரசாயனங்கள் மறைந்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 26 வாசனைப் பொருட்களைப் பெயர் குறிப்பிட்டு அச்சிடவேண்டும் என விதித்தது. 2023இல் மேலும் 50க்கு மேற்பட்டவற்றை அதனுடன் சேர்த்தது. எமது நாட்டுக் கறுவாவின் மணத்துக்குக் காரணமான சினமல் என்ற பொருளும் முதற் பட்டியலிலேயே இடம்பெற்றது. மேலும், 'அன்சென்ரட்' என்று எழுதியிருந்தால் மணம் தெரியாது என்பதே பொருள். கெட்ட மணத்தை மறைப்பதற்காக வாசனைப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கலாம். 'பிரேகிரன்ஸ் பிரீ' என எழுதப்பட்டதையே தேடவேண்டும்.

தலைச்சாயம்: கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பராபினைலின்டைஅமீன் என்ற பொருள் உண்டு. இது கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியது. நெற்றி, காது, கண் இமை யாவும் வீங்கிவிடும். திருமண வீடுகளில் சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் மருதோன்றி எனக் கொண்டுவரப்படுவதிலும் இப்பொருள் கலந்திருக்கலாம். உண்மையான மருதோன்றி சில மணித்தியாலம் கழித்தே செம்மஞ்சளாகப் பிடித்துப் பின்னர் கபில நிறமாகும். அது ஒருபோதும் கன்னங்கரேலென்று பிடிப்பதில்லை.

ஒட்டுப்பொட்டு: பொட்டின் பசையில் சேர்க்கப்படும் ஒரு வகை பியூற்றைல் பீனோல் சிலருக்குக் கடியையும், நாளடைவில் பொட்டு வைக்கும் இடத்தில் வெண்மையையும் உண்டாக்குகிறது. இந்தியத் தோல் வைத்தியர்கள் இதனை நெடுங்காலமாக எழுதி வந்துள்ளனர். செயற்கைச் சாயம் கலந்த குங்குமமும் சிலருக்கு ஒவ்வாது.

இயற்கையானது என்றால் நல்லதா?

கிராமத்தில் வாழும் நாம் மூலிகைகளை மதிப்பவர்கள். ஆனால் இயற்கையானது என்பதற்காக ஒரு பொருள் தோலுக்கு ஒத்துவரும் என்று கொள்ள முடியாது. கஜுக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் கை பொங்கிவிடும் என்பது எமக்குத் தெரியும். சேராங்கொட்டையும் அப்படியே. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் சாறு பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். மஞ்சள், சந்தனம், கற்றாழை என்பவற்றுக்கும் ஒவ்வாமை உடையவர்கள் இருக்கிறார்கள்.

வெடித்த தோலில் உணவுப் பொருட்களைப் பூசுவதிலும் கவனம் வேண்டும். கச்சான் எண்ணெய், அதாவது நிலக்கடலை எண்ணெய், கலந்த களிம்புகளைக் குழந்தைகளின் புண்பட்ட தோலில் பூசியதற்கும், பிற்காலத்தில் அப்பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை ஏற்பட்டதற்கும் தொடர்பு காணப்பட்டதாக 2003ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று கூறியது. கரப்பன் உள்ள குழந்தையின் தோலில் கடலை மா, பால், முட்டை போன்றவற்றைப் பூசாதிருப்பது நல்லது.

அப்படியானால் எதைத் தெரிவுசெய்வது?

சேர்மானங்கள் எவ்வளவு குறைவோ, ஒவ்வாமைக்கான வாய்ப்பும் அவ்வளவு குறைவு. பட்டியல் நீளும்போது சந்தேகமும் நீள்கிறது. விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல வேளைகளில் மலிவானதே பாதுகாப்பானது.

இதற்குச் சிறந்த உதாரணம் மணமோ நிறமோ சேர்க்காத வெள்ளைப் பெற்றோலியம் ஜெலி. எமது மக்கள் இதனைப் பொதுவாக வசலீன் என்பார்கள். இதில் நீர் இல்லாததால் காப்புப் பொருள் தேவையில்லை. தோல் வைத்தியர்கள் ஒட்டுச் சோதனை செய்யும்போது சந்தேகப் பொருட்களைப் பெரும்பாலும் இந்த ஜெலியிற் கலந்தே ஒட்டுகிறார்கள். அதனாலேயே ஒவ்வாமை வருவது மிகமிக அரிது என்பதுதான் காரணம். குளித்தபின் உடலில் ஈரம் முற்றாகக் காயுமுன் மெல்லியதாகப் பூசினால், அது ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். கச்சான் காலத்துக் கால் வெடிப்புக்கு இதைவிட உயர்ந்த பொருளைத் தேடவேண்டியதில்லை.

வீட்டில் எடுத்த தூய தேங்காயெண்ணெயும் நல்லது. கரப்பன் உள்ளவர்களிடையே பிலிப்பைன்ஸ் நாட்டில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், தூய தேங்காயெண்ணெய் ஒலிவ் எண்ணெயைவிட நற்பயன் தந்தது தெரியவந்தது. ஆனால் முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெயையும் ஜெலியையும் தவிர்க்கலாம். வாசனை கலந்த தலையெண்ணெயைத் தேங்காயெண்ணெய் என்று எண்ணிப் பூசக்கூடாது.

சவர்க்காரத்தில் மணமும் நிறமும் குறைந்ததைத் தெரிவுசெய்யவேண்டும். உடல் முழுவதும் தேய்க்காமல் அக்குள், கவட்டி, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் பாவித்தால் வரட்சி குறையும். உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத்தால் குளிப்பதை விட்டுவிடவேண்டும். குழந்தைகளுக்கு 'பேபி' என்று பெயரிட்ட பொருட்களிலும் வாசனை சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

புதிதாக வாங்கிய களிம்பை நேரே முகத்தில் பூசாமல் கையில் சோதித்துப் பார்க்கலாம்.

1. முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, உட்புறத்தில், ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவான ஓரிடத்தைத் தெரிவுசெய்க.

2. காலையும் மாலையும் அதே இடத்தில் களிம்பைச் சிறிதளவு பூசுக. கழுவவோ மூடிக்கட்டவோ வேண்டாம்.

3. ஒரு கிழமை முதல் பத்து நாட்கள் வரை தொடர்க. ஒரு தடவை பூசிப் பார்ப்பது போதாது.

4. கடியோ சிவப்போ பருவோ தோன்றினால் உடனே கழுவி நிறுத்துக. அப்பொருள் உமக்கு உகந்ததல்ல.

5. ஒரே காலத்தில் இரண்டு புதிய பொருட்களைச் சோதிக்கவேண்டாம். எது செய்தது என்று தெரியாமற் போய்விடும்.

சவர்க்காரம், ஷாம்பூ என்பவற்றை இவ்வாறு தோலில் விட்டுவைக்கக்கூடாது. விட்டுவைத்தால் யாருக்கும் எரியும். தலைச்சாயத்தைப் பொறுத்தவரை மேலுறையில் கூறியபடி 48 மணித்தியாலத்துக்கு முன்னர் சோதிக்கவேண்டும். முன்பு ஒருமுறை ஒத்துவராதவர்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது.

வெள்ளையாக்கும் களிம்புகள்

இவை குறித்துத் தனியாகக் கூறவேண்டியுள்ளது. ஓரிரு கிழமைகளில் நிறத்தை மாற்றும் களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கலாம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அத்துடன் தோலினூடாக உடலுக்குட் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிதான ஒரு பிரிவு காணப்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் களிம்பு பூசியவர்கள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டுடன் ஒழிப்பதென அதன் உறுப்பு நாடுகள் 2023இல் ஜெனீவாவில் தீர்மானித்தன. ஆயினும் சட்டம் தடுப்பதைப் பொதிகளும் நடைபாதைக் கடைகளும் கொண்டுவந்து விடுகின்றன. பட்டியலில் 'மேர்கியூரி', 'கலோமல்' போன்ற சொற்கள் இருந்தாலோ, நகைகளில் படாமல் பாவிக்கவும் என எழுதியிருந்தாலோ வாங்கக்கூடாது. பட்டியலே இல்லாவிடின் இன்னும் கூடுதலான ஐயம் கொள்ளவேண்டும்.

வேறு சில களிம்புகளில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்ரெரொயிட் மருந்துகள் உண்டு. பூசியதும் கடி அடங்கும்; முகம் பளிச்சிடும். நிறுத்தியதும் முகம் சிவந்து, பரு எழும்பி, தோல் மெலிந்துவிடும். பூசினால் நல்லது, விட்டால் மோசம் என்ற நிலை ஏற்பட்டால் வைத்தியரைக் காண்பதே வழி.

எமது பெண்பிள்ளைகள் இவற்றைத் தேடிப்போவதற்கு நாமும் காரணம் என்பதை ஏற்கவேண்டும். பெண்பார்க்க வருபவர்கள் முதலில் நிறத்தைக் கேட்கும் வரை, சீதனத்தோடு நிறத்தையும் நிறுக்கும் வரை, இக்களிம்புகளுக்கு வாடிக்கையாளர் குறையமாட்டார்கள். வயலிலும் கடற்கரையிலும் உழைத்த தாய்மாரின் நிறம் பிள்ளைகளுக்குக் குறைபாடாகத் தோன்றுமாறு பேசுவதை முதலில் நிறுத்துவோம்.

ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால்

முதலில் எல்லாப் பூச்சுகளையும் நிறுத்தி, சுத்தமான நீரால் கழுவவேண்டும். நனைத்த துணியை வைத்துக் குளிர்ச்சியூட்டலாம். ஒன்றின்மேல் ஒன்றாகப் புதிய களிம்புகளைப் பூசக்கூடாது. முகம், கண், உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். போகும்போது பாவித்த போத்தலையும் பெட்டியையும் கொண்டுசெல்லுங்கள். வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

எல்லாக் கடியும் ஒவ்வாமை அல்ல. இரவில் கடி கூடி, வீட்டில் பலருக்கும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாகப் பரவினால் பங்கசு நோயாக இருக்கலாம். வெளிறிய அல்லது செந்நிறத் தழும்பில் கடியும் இல்லாமல் உணர்ச்சியும் குறைந்திருந்தால் தொழுநோய்க்காகக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். தொழுநோய் மருந்தினால் முற்றாகக் குணமாகும். அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். இவற்றை மறைத்துக் களிம்பு பூசுவது நோயை வளர்ப்பதாகும்.

மாதர் சங்கங்கள் செய்யக்கூடியது

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் பாவிக்கும் களிம்பு, சவர்க்காரம், சாயம் என்பவற்றின் வெற்றுப் பெட்டிகளைக் கொண்டுவரலாம். உயர்தர மாணவி ஒருவரைக் கொண்டு பட்டியலை வாசிப்பித்து, வாசனை உள்ளவை, பட்டியல் அற்றவை, காலாவதித் திகதி கடந்தவை என வேறாக்கிப் பார்க்கலாம். குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்தால் பயனுள்ளதாயிருக்கும். பட்டியலோ உற்பத்தியாளர் விலாசமோ இல்லாத பொருட்கள் எமது கடைகளில் விற்கப்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். தனியொருவர் பேசத் தயங்கினால் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள்.

கச்சான் காலம் வருமுன் இக்கூட்டத்தை நடத்தி முடிப்பது நல்லது. அதற்குள் ஒரு சிறு போத்தல் மணமற்ற வெள்ளை ஜெலியையும் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.